கரோலைன்: ராணிக்கே சீட்டு கேட்ட வாசல்

பதிவு:
அந்த வாசல்தான் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. 1821 ஜூலை 19, நான்காம் ஜார்ஜுக்கு முடிசூட்டு. விடிகாலையிலேயே வந்துவிட்ட, அவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவி கரோலைன் வெஸ்ட்மின்ஸ்டரில் வாசல் வாசலாக நடக்கிறார். முடிசூட்டு நடக்கும் அபே தேவாலய வாசலில் காவலாளி சீட்டு கேட்கிறான். இவர் உங்கள் ராணி, இவருக்கு எதற்குச் சீட்டு என்று வாதாடுகிறார் உடன் வந்த ஹூட் பிரபு. ஹூட்டிடம் இருந்ததோ ஒரே ஒரு ஆளுக்கான சீட்டு. தோழிகளை விட்டுவிட்டுத் தனியாக நுழைய ராணிக்கு மனமில்லை, திரும்பிவிட்டார். பத்தொன்பதாம் நாள் உயிர் போய்விட்டது.

மறுமொழி:
சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். முடிசூட்டில் பட்டத்தரசிக்குத் தனி உரிமை கிடையாது, அது அரசர் விருப்பம் என்று அரசரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் அதே ஜூலையில் சொல்லிவிட்டது. என்னை உறுத்துவது 1795இல் நடந்த அவர்கள் கல்யாணம். பெண்ணை முதன்முதலாகப் பார்த்த கையோடு மாப்பிள்ளை ஜார்ஜ் கேட்டது ஒரு கிளாஸ் பிராந்தி! ஏப்ரல் 8, கல்யாணத்தன்றும் போதை. ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் கடன். கட்டிக்கொண்டால்தான் நாடாளுமன்றம் அதற்கு வழி செய்யும். 1785இலேயே மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டை ரகசியமாக மணந்தவர் அவர். அரசரின் சம்மதம் வாங்காததால் 1772 சட்டப்படி அது செல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுமொழி:
ராணிக்குக் கள்ள உறவு என்று குற்றம் சாட்டிய 1820 விசாரணையைப் படிக்கப் போகிறவர்கள் அதை விவாகரத்து வழக்கு என்று எண்ணிப் படிக்காதீர்கள், குழம்பிவிடும். அது ராணிப் பட்டத்தைப் பறித்து மணத்தையும் முறிக்க வந்த மசோதா. தேவாலய நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் ஜார்ஜின் கள்ள உறவுகளையே எதிர்வாதமாக வைத்திருப்பார்கள், வழக்கு நின்றிருக்காது. அதனால்தான் பிரபுக்கள் சபையில் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். முதலில் மயோக்கியின் குறுக்கு விசாரணையைப் படியுங்கள்: ராணிக்கு எதிராக அத்தனையும் சொன்ன வேலைக்காரர், ராணியின் வழக்கறிஞர் புரூம் கேட்கக் கேட்க "நோன் மி ரிகோர்தோ", நினைவில்லை என்கிறார். பிறகு வாக்குகளைப் பாருங்கள். இரண்டாம் வாசிப்பில் 123-95. நவம்பர் 10, மூன்றாம் வாசிப்பில் 108-99. ராணியைத் தண்டிக்கலாம் என்றவர்களில் சிலருக்கே விவாகரத்துப் பிரிவு ஒப்பவில்லை. ராணியின் பக்கம் நின்றவர்கள் மசோதா கவிழட்டும் என்றே அந்தப் பிரிவு இருக்க வாக்களித்தார்கள். 28 வாக்கு வித்தியாசம் 9 ஆனது. பொதுச்சபையில் தேறாது என்று பிரதமர் லிவர்பூல் பிரபு மசோதாவைக் கைவிட்டார்.

மறுமொழி:
உரிமை இல்லை என்று மேலே ஒருவர் முடித்துவிட்டார். அன்று பிரிவி கவுன்சில் சொன்னதும் அதையேதான். எனக்குச் சவப்பெட்டித் தகடுதான் கண்ணில் நிற்கிறது. ராணியின் உடலைப் பிறந்த மண்ணான பிரன்ஸ்விக்குக்குக் கொண்டுபோகும் வழியில் கோல்செஸ்டர் தேவாலயத்தில், "அநீதி இழைக்கப்பட்ட இங்கிலாந்து ராணி" என்ற தகட்டைப் பெட்டியில் அடிக்கிறார்கள். அதையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.