புதுப்பிப்பு: மாமாவைச் சிகிச்சையில் சேர்த்துவிட்டோம்

காலையில் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருந்த தாய்மாமாவை எங்கே, எப்படிச் சேர்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருக்கிறார்.

"அறையில் போட்டுப் பூட்டுங்கள், தானாகத் தெளிந்துவிடும்" என்று சிலர் சொன்னீர்கள். தயவுசெய்து யாருக்கும் இதைச் சொல்லாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் 48 முதல் 96 மணி நேரத்துக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவது, காய்ச்சல், படபடப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் டயசிபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, மெல்ல மெல்ல அளவைக் குறைக்கிறார்கள். தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுகிறார்கள். அந்த வைட்டமின் குறைந்துபோனால் மூளையே பாதிக்குமாம்.

14446 எண்ணைக் கொடுத்தவருக்கு மனமார்ந்த நன்றி. போதை மீட்புக்கான அரசின் கட்டணமில்லா எண் அது. மாமா "சரி, போகலாம்" என்றதும் அன்றைக்கே கிளம்பிவிட்டோம். மறுநாள் என்று தள்ளியிருந்தால் மனம் மாறியிருக்கும்.

தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்கலாமா என்று அத்தை கேட்டார். கூடவே கூடாது என்றார் மருத்துவர். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து உள்ளே போனது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

வீடு திரும்பியதும், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் கூட்டத்துக்குப் போக மாமா ஒப்புக்கொண்டிருக்கிறார்.