ஒரே மெஷின், கலர் மாற்ற செட்டப்: பேட்சை எங்கே உடைப்பது?

கேள்வி
ஒரு மோல்டிங் மெஷின், மூன்று கலர், கலருக்கு 20 ஆர்டர். கலர் மாற்ற 1 மணி நேரம். அதே கலரில் அடுத்த ஆர்டருக்கு செட்டப் இல்லை. கலர் வாரியாக முடித்தால் கெடு தவறுகிறது. கெடு வரிசைப்படி ஓட்டினால் பாதி ஷிஃப்ட் செட்டப்பிலேயே போய்விடுகிறது. அதிகபட்சத் தாமதத்தைக் குறைக்க வேண்டும்.

பதில் 1
ஒரே கலருக்குள் கெடு வரிசையை மாற்றத் தேவையே இல்லை. கலர்களை எப்படிப் பின்னுவது என்பதுதான் கேள்வி.

உதாரணமாக, முதல் கலருக்கும் 1 மணி செட்டப் என்று வையுங்கள். சிவப்பு: 2 மணி வேலை (கெடு 6), 3 மணி வேலை (கெடு 20). நீலம்: 4 மணி வேலை (கெடு 10). சிவப்பை மொத்தமாக முடித்தால் நீலம் 11-இல் முடியும், 1 மணி தாமதம். நீலத்தை முன்னால் போட்டால் முதல் சிவப்பு 8-இல் முடிந்து 2 மணி தவறும். சிவப்பை உடைத்து நடுவே நீலத்தைச் செருகினால் 3, 8, 12, எதுவும் தவறாது.

கையால் போடுவதென்றால் கெடு வரிசையில் தொடங்கி, பின்னால் இருக்கும் பேட்சை (ஒரே செட்டப்பில் தொடர்ந்து ஓடும் ஒரே கலர் ஆர்டர்கள்) அதே கலரின் முந்தைய பேட்சோடு ஒட்டிப் பாருங்கள். இடையில் உள்ளவை ஒட்டிய வேலையின் நேரம் தள்ளிப்போகும், பின்னால் வருபவை ஒரு செட்டப் முன்னேறும். மேலே நீலத்துக்கு மிச்சம் 2 மணிதான். 3 மணி வேலையை முன்னால் இழுத்தால் தாங்காது.

பதில் 2
துல்லியமாகவே போடலாம். நிலை: ஒவ்வொரு கலரிலும் எத்தனை முடிந்தது, மெஷினில் இப்போது எந்தக் கலர். 21×21×21×3 = 27,783 நிலைகள்தான், சாதாரணக் கணினிக்கு இது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு நிலையிலும் மிச்ச ஆர்டர்களுக்கு வரக்கூடிய மிகக் குறைந்த அதிகபட்சத் தாமதத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள் (கெடுவுக்கு முன்பே முடிந்தால் தாமதம் மைனஸ்). தொடக்கம் எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவே அதிகபட்சத் தாமதமும் கூடும் என்பதால் கடிகார நேரத்தை நிலையில் சேர்க்க வேண்டாம். ஆனால் மூலப்பொருள் பின்னால் வரும் ஆர்டர் ஒன்று இருந்தாலும் இந்த வசதி போய்விடும்.

கேட்டவர்
கருப்பிலிருந்து வெள்ளைக்கு 90 நிமிடம், மறுபக்கம் 20 தான். இதை எப்படிச் சேர்ப்பது?

பதில் 2
செட்டப் நேரத்தை 'எதிலிருந்து எதற்கு' என்று அட்டவணையாகக் கொடுங்கள், கணக்கு மாறாது. ஒன்று மட்டும் சரிபாருங்கள்: கருப்பு–சாம்பல் 35, சாம்பல்–வெள்ளை 40 என்றால் சுற்றுவழி 75, நேர்வழியைவிடக் குறைவு. அப்படி இருந்தால் கலருக்குள் கெடு வரிசை என்ற விதிக்கே உத்தரவாதம் இல்லை. நடுவில் சாம்பல் விட்டுக் கழுவி, அந்த 75-ஐயே நேர் செட்டப்பாக எழுதுங்கள்.

பதில் 3
சரக்கு பேட்ச் பேட்சாகத்தான் வெளியே போகும் என்றால், ஒவ்வொரு ஆர்டரும் பேட்சின் கடைசி வேலை முடியும்போதுதான் முடிந்ததாகக் கணக்கு. அதற்குப் பதில் 2-இன் கணக்கைப் போடாதீர்கள். அங்கே ஒரே கலரைக்கூட உடைக்க வேண்டிவரும்.