வெஸ்ட் பொயின்ற் முடிக்கிற பெடியன்: முதல் ஒக்ஸ்போர்டோ, முதல் சேவையோ?

கொக்குவில் மாமா:
அமெரிக்காவில பிறந்து வளர்ந்த என்ர மருமோன் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில கடைசி வருசம். ஒக்ஸ்போர்டில படிக்கத் தாற ரோட்ஸ், பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில படிக்கத் தாற மார்ஷல் எண்ட ரெண்டு புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கப் போறானாம். தங்கச்சியோ, "ஐஞ்சு வருசச் சேவையை முடிச்சிட்டுப் படிக்கட்டும்" எண்டு ஒற்றைக்காலில நிக்கிறா. ரோட்ஸுக்கு 24 வயசு தாண்டினால் பொதுவா ஏலாது. இவனுக்கு இப்ப 21. மார்ஷலும் புதுசாப் பட்டம் எடுத்தவைக்குத்தான். பிந்தினால் ரெண்டும் போச்சு.

வடமராட்சியான்:
நான் அக்கா பக்கம், அண்ணை. நாலு வருசம் அரசாங்கக் காசில படிச்சவன், ஐஞ்சு வருசம் சேவை செய்யிறன் எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறான். படிக்கப் போனால் சேவைக் காலம் இன்னும் நீளும். கலியாணம் காட்சி எண்டு வரேக்க அவன் எங்க நிப்பானோ? அதோட, நாலு சிப்பாய்க்குப் பொறுப்பா நிண்டு பாக்காதவனுக்கு ஒக்ஸ்போர்ட் படிப்பு மனசில ஒட்டாது. பிறகு படிக்க எண்டு படைவீரருக்கான கல்விக் கொடுப்பனவு இருக்குத்தானே.

சாவகச்சேரி ரீச்சர்:
அதைத்தான் எல்லாரும் பிழையா விளங்கி வைச்சிருக்கினம், தம்பி. கல்லூரிப் படிப்புக்குக் கைமாறான அந்த முதல் ஐஞ்சு வருசம் நீங்கள் சொல்லுற கல்விக் கொடுப்பனவுக்கு, அதாவது '9/11க்குப் பிந்திய' கொடுப்பனவுக்கு, கணக்கில வராது. முழுசா வேணுமெண்டால் அதுக்குமேல இன்னும் மூண்டு வருசம் நிக்கவேணும். எந்தப் பக்கத்தால போனாலும் வருசம் நீளும்.

வெஸ்லி கிளார்க்கைப் பாருங்கோ. 1966இல வெஸ்ட் பொயின்ற்றில முதலாவதா வந்து, ரோட்ஸில ஒக்ஸ்போர்ட் போய்ப் படிச்சிட்டுத்தான் வியட்நாம் போனவர். 1970இல அங்க நாலு குண்டு பட்டது. பிறகு நேட்டோவின்ர ஐரோப்பியத் தளபதி. படிப்பு அவரைச் சிப்பாய்களிட்ட இருந்து பிரிக்கேல்ல.

வடமராட்சியான்:
அவர் ஒருத்தர், ரீச்சர். அமெரிக்கா முழுக்க வருசத்துக்கு 32 பேருக்குத்தான் ரோட்ஸ். இதை நம்பிக் கடைசி வருசத்தைக் குழப்பக்கூடாது.

கொக்குவில் மாமா:
அவனுக்குக் கிடைக்குமெண்டு நான் சொல்லேல்ல, போடட்டும் எண்டுதான் சொல்லுறன். தன்னைப் பற்றின கட்டுரையை எனக்கு அனுப்பியிருக்கிறான். பக்கத்து வீட்டு இங்கிலிஷ் மாஸ்ரர் திருத்தித் தாறன் எண்டவர். குடுக்கட்டோ?

சாவகச்சேரி ரீச்சர்:
ஐயோ, குடுத்திடாதேங்கோ! வெளியாற்ர உதவியில்லாமல் தானே எழுதினது எண்டு அவன் ரோட்ஸுக்கு உறுதி குடுக்கவேணும். ஒரு வசனத்திலயும் கை வைக்கவேண்டாம். கல்லூரியின்ர ஒப்புதல் கடிதமும் கட்டாயம், அதுக்கு உள்ளுக்கு வேற முடிவுத் திகதி இருக்கும். அதை இண்டைக்கே விசாரிக்கச் சொல்லுங்கோ.

வடமராட்சியான்:
கட்டுரை விசயம் ரீச்சர் சொல்லுறது சரி. மற்றதில நான் அக்கா பக்கம்தான். கிடைச்சால் எத்தினை வருசம் கூடுமெண்டதை முதல் எழுத்தில வாங்கி அக்காவுக்குக் காட்டச் சொல்லுங்கோ, அண்ணை.