கத்தார் முற்றுகை: கடைசியில் ஜெயித்தது யார்?

முத்துக்குளிப்பவன்:
2017 ஜூன் 5 அன்று சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நாலும் சேர்ந்து கத்தாரோடு உறவை முறித்தன. தரைவழிக்கு இருந்த ஒரே எல்லையான சல்வாவை மூடினார்கள், வான்வெளியை மூடினார்கள், அப்புறம் 13 கோரிக்கைகள் வந்தன. கத்தார் அரசின் அல் ஜசீரா தொலைக்காட்சியை மூடு, துருக்கி ராணுவத் தளத்தை அகற்று, ஈரான் உறவைக் குறை என்று. 2021 ஜனவரியில் சவுதியின் அல் உலா நகரில் சமரசம் ஆனபோது இந்த மூன்றில் ஒன்றாவது நடந்திருந்ததா? இது சவுதியின் படுதோல்வி.

கணக்குப்பிள்ளை:
அதற்குக் கத்தார் கொடுத்த விலையையும் சொல்லுங்கள். முதல் இரண்டு மாதத்தில் மட்டும் பொருளாதாரத்தைத் தாங்க அரசு 3,850 கோடி டாலர் இறக்கியதாகக் கடன் தர நிர்ணய நிறுவனமான மூடிஸ் கணக்கிட்டது. குட்டி நாடு, இயற்கை வாயுக் காசு இருந்ததால் தாக்குப்பிடித்தது, வேறு நாடாக இருந்தால் மண்டியிட்டிருக்கும். அண்டை நாடுகளின் கோபமும் சும்மா வந்ததில்லை. முஸ்லிம் சகோதரத்துவம் என்ற இஸ்லாமிய அரசியல் இயக்கத்தை ஆதரிக்க மாட்டோம் என்று 2013 ரியாத் உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டு கத்தார் அமீர் (மன்னர்) தமீமே கையெழுத்துப் போட்டார். 2014லேயே சவுதி, அமீரகம், பஹ்ரைன் மூன்றும் தூதர்களைத் திரும்ப அழைத்தன. அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் என்ன செய்வார்கள்?

தோஹாவாசி:
நான் அப்போது அங்கேதான் வேலையில் இருந்தேன். முதல் நாளே கடையில் சவுதிப் பால் காலி, கொஞ்ச நாளில் அதே அலமாரியில் துருக்கி மொழி எழுதிய பால் டப்பாக்கள். அதைச் சமாளித்துவிட்டோம். ஆனால் 14 நாளில் ஊர் திரும்பு என்று சவுதி, அமீரகம், பஹ்ரைன் தங்கள் மக்களுக்கு உத்தரவு போட்டனவே, கணவன் கத்தாரி மனைவி பஹ்ரைனி என்று வாழ்ந்த குடும்பங்கள் என்ன பாவம் செய்தன? உடன்படிக்கையை மீறியது அரசு என்றே வைத்துக்கொள்வோம், தண்டனை ஏன் வீட்டுக்குள் வந்தது?

முத்துக்குளிப்பவன்:
அதேதான். கத்தார் பதிலுக்கு என்ன செய்தது என்று பாருங்கள். கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து கடலடியில் அபுதாபிக்குப் போகும் டால்ஃபின் குழாயில் நாளுக்குச் சுமார் 200 கோடி கன அடி வாயு. அதை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அந்தக் கோடையில் அமீரகத்தில் மின்வெட்டுதான்.

கணக்குப்பிள்ளை:
பெருந்தன்மை என்று சொல்லாதீர்கள், அது வியாபாரம். பாதியில் வால்வை மூடுகிறவன் என்று பெயர் வாங்கினால் கத்தார் வாயுவை வாங்கும் ஜப்பான்காரனும் கொரியாக்காரனும் அடுத்த ஒப்பந்தத்துக்கு வரவே யோசிப்பான். சரி, 13 கோரிக்கையும் அதிகப்படி, பத்து நாள் கெடு வைத்தது அதைவிட முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கத்தாரின் அல் உதெய்தில் அமெரிக்க ராணுவத் தளம் இல்லாமலிருந்தால் கத்தார் கதை வேறு.

முத்துக்குளிப்பவன்:
தளம் அப்போதும் இருந்தது, இருந்தும் உறவு முறிந்த மறுநாளே அமெரிக்க அதிபர் டிரம்ப் ட்விட்டரில் சவுதி பக்கம்தான் பேசினார். ஜூன் 7 அன்று படை அனுப்ப நாடாளுமன்றத்தில் ஒப்புதல் வாங்கியது துருக்கி. வான்வெளி திறந்துவிட்டது ஈரான். நடுவில் நின்று, 2020இல் இறக்கும்வரை சமரசம் பேசியது குவைத் அமீர் ஷேக் சபா. அமெரிக்கத் தளத்தைப் பற்றிப் பேசும் முன் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள்.