எழுத்து தெரியும், சொல் வாசிக்க வரவில்லை: தரம் 4 பிள்ளைக்குத் தனி வகுப்பை எங்கிருந்து தொடங்குவது?

ஆரையம்பதி ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். தரம் 4 படிக்கும் ஆண் பிள்ளை. கிழமையில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம், தனியாகச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு. எழுத்துகளைக் கேட்டால் சொல்கிறார். பார்த்து எழுதச் சொன்னால் வடிவாக எழுதுகிறார். ஆனால் சொல் கொஞ்சம் நீண்டால் நின்றுவிடுகிறார், இல்லாவிட்டால் முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்துவிடுகிறார்: ‘பட்டம்’ என்று இருந்தால் ‘பாட்டு’ என்பார். ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்று வாசிக்கிறார். சொல்வதெழுதலில் குற்று (மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி) முழுக்க விடுபடுகிறது. கதை சொன்னால் நன்றாக விளங்குகிறது, கேள்வியும் கெட்டித்தனமாகக் கேட்கிறார், வாய்க்கணக்கும் சரி.

அடுத்த வருசம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் கடந்தகால வினாத்தாள் செய்விக்கச் சொல்லித் தாய் கேட்கிறார். ‘அ’னாவிலிருந்து திரும்பத் தொடங்கினால் பிள்ளைக்கு வெட்கமாக இருக்குமோ என்றும் யோசனை. எங்கே தொடங்குவது? ஒரு மணித்தியாலத்தை எப்படிப் பிரிப்பது?

கல்லடி விசேட கல்வி

ரீச்சர், வினாத்தாளை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். வாசிக்க முடியாத பிள்ளை வினாத்தாள் செய்தால் ஊகிக்கும் பழக்கம்தான் இன்னும் இறுகும்.

முதல் வேலை, ‘எழுத்து தெரியும்’ என்பது உண்மையா என்று பார்ப்பது. வரிசையாகக் கேட்டால் க, கா, கி, கீ என்று பாட்டாக வந்துவிடும். அட்டைகளைக் கலைத்துவிட்டு ‘கூ’, ‘ணி’, ‘தெ’ என்று தாறுமாறாகக் காட்டிப் பாருங்கள். ஒரு விநாடிக்குள் சொன்னால் ஒரு கட்டு, மனதுக்குள் வரிசையைப் பாடித் தேடிச் சொன்னால் இரண்டாம் கட்டு, தெரியாதவை மூன்றாம் கட்டு. இப்படியான பிள்ளைகளுக்கு இரண்டாம் கட்டுத்தான் பெரிதாக வரும். ஒரு எழுத்துக்கு மூன்று விநாடி போனால், நாலாவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மனதில் நிற்காது. சொல் உடைவது அதனால்தான். இரண்டாம் கட்டைத் தெரிந்த எழுத்தாகக் கணக்கெடுக்க வேண்டாம்.

அடுத்தது எழுத்தே இல்லாத சோதனை. “வ – ண் – டி, சேர்த்துச் சொல்லுங்க மகன்” என்று கேளுங்கள். “கடல், இதில் ‘க’வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?” என்று கேளுங்கள். பத்தில் ஏழு எட்டு சரியாக வராவிட்டால் சிக்கல் ஒலியில் இருக்கிறது. அப்போது ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம் வாயாலேயே செய்ய வேண்டும். மூன்றாவதாக, பொருளில்லாத சொல் பத்து: ‘மடபு’, ‘தகிலா’ மாதிரி. பாடப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளை இதில்தான் அகப்படுவார்.

நேரம்: ஒரு மணித்தியாலம் தொடர்ச்சியாக வேண்டாம். இருபது நிமிடம், ஐந்து நிமிட ஓய்வு, மறுகா இருபது நிமிடம். முடியுமென்றால் மூன்று நாளை ஐந்து நாளாக்கி நாளுக்கு அரை மணித்தியாலம் வையுங்கள், இதே பிள்ளை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்வார். முதல் இருபதில் பழைய அட்டை, ஒலி விளையாட்டு, புதிய எழுத்து. ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு எழுத்து போதும். இரண்டாம் இருபதில் அந்த எழுத்துகளால் மட்டும் ஆன சொற்களை வாசித்தல், ஐந்து சொல் எழுதுதல், கடைசியில் நீங்கள் அவருக்கு ஒரு கதை வாசித்தல். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிடாதீர்கள். தன் வயதுக்கேற்ற சொற்களும் வசனங்களும் அவர் காதில் விழுவது அங்கேதான்.

வெட்கம் பற்றிக் கேட்டீர்கள். அரிச்சுவடிப் புத்தகம், அணில் ஆடு படம் எல்லாம் மேசையில் இருக்கக் கூடாது. வெறும் பிறிஸ்டல் போர்ட் அட்டையும் சொற்களும்தான். ‘பட்டம்’, ‘கப்பல்’, ‘வயல்’ என்று வாசிப்பவருக்குத் தான் சின்ன வகுப்புப் பாடம் படிப்பதாகத் தோன்றாது.

திருக்கோவில் தமிழ்

எழுத்துகளைக் கொடுக்கும் வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெரும்பாலும் பிழைக்கும் இடம் அது. கண், காது, கை மூன்றையும் ஒன்றாகப் பயன்படுத்தும் முறையை அமெரிக்காவில் சாமுவேல் ஓர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் ஆங்கிலத்துக்காக வகுத்தார்கள். முறையை எடுக்கலாம், அவர்களின் எழுத்து வரிசை நமக்கு உதவாது. தமிழில் உயிர் 12, மெய் 18 என்று அட்டவணைப்படி போனால் 216 உயிர்மெய்யும் மலைபோல நிற்கும்.

ப, ட, ம, ர, க, ல, வ, ய என்ற எட்டோடு தொடங்குங்கள். கூடவே முதல் நாளிலிருந்தே குற்று. தமிழில் ஏராளமான சொற்கள் ம், ல், ள், ன், ர் என்றுதான் முடிகின்றன. குற்றைப் பிந்திக் கொடுப்பதால்தான் ‘படடம’ என்று எழுதுகிறார்கள். இந்த எட்டை மட்டும் வைத்தே படம், மரம், கடல், வயல், பல், பட்டம், கப்பல், மட்டம் என்று நிறையச் சொல் கட்டலாம்.

குற்றைக் காதில் பிடிக்க வைக்க: கொப்பியில் நாலு கட்டம் கீறுங்கள். ‘பட்டம்’ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே பிள்ளை கட்டத்துக்கு ஒரு கொட்டை தள்ள வேண்டும். ப – ட் – ட – ம். குற்று உள்ள ஒலிக்கு மஞ்சாடி, மற்றதுக்குப் புளியங்கொட்டை. ‘படம்’ என்றால் மூன்று கட்டம், ஒரு மஞ்சாடி. ‘பட்டம்’ என்றால் நாலு கட்டம், இரண்டு மஞ்சாடி. வித்தியாசத்தைக் கை உணர்ந்த பிறகுதான் கொட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எழுத்தை எழுத வேண்டும். மஞ்சாடி கிடைக்கவில்லை என்று குன்றிமணியை எடுக்க வேண்டாம், கடித்தால் கொடிய நஞ்சு.

பிறகு அரவு (‘கா’வில் வரும் ‘ா’): கால், பால், காகம், பாடம். இங்கே ‘ர’வையும் அரவையும் பிள்ளைகள் மாறி வாசிப்பார்கள், சில அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அரவை மட்டும் பச்சையில் எழுதிக் கொடுத்தால் இரண்டு கிழமையில் தீரும். அதன்பின் விசிறி (‘கி’யில் வரும் ‘ி’): கிளி, மணி, வலி.

உகரத்துக்கு ஒரே அடையாளம் இல்லாததால் அங்கே அவசரப்படக் கூடாது. வடிவக் குடும்பமாகப் பிரியுங்கள்: கீழே கோடு இறங்குபவை சு, பு, யு, வு. வளைந்து சுற்றுபவை கு, டு, மு, ரு, ழு, ளு. அடியில் கால் சுழித்து எழும்புபவை து, நு, லு, று, ணு, னு. ஒரு குடும்பம் உறுதியாகும்வரை அடுத்ததைத் தொட வேண்டாம். ஊகாரம் அதற்கும் பிறகு.

கொம்பு கடைசி. கண் முதலில் காண்பது கொம்பை, ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது மெய்யை. ‘கொக்கு’ ‘கெக்கு’ ஆவது, கொம்பைக் கண்டதும் முடிவெடுத்துவிட்டுப் பின்னால் உள்ள அரவைப் பார்க்காமல் விடுவதால். கொ, கோ இரண்டிலும் கொம்பையும் அரவையும் ஒரே சிவப்பில் எழுதுங்கள், நடு எழுத்துக் கறுப்பு. விரலை முதலில் கறுப்பில் வைத்து, பிறகு இரண்டு பக்கச் சிவப்பையும் தொட்டு, அதற்குப் பிறகுதான் ஒலி. நிறத்தை ஒரு மாதத்துக்குள் படிப்படியாகக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு அச்சைக் கண்டதும் திரும்பத் தடுமாறுவார். ‘ௌ’வைக் கடைசிவரை விட்டுவைக்கலாம், அது வரும் சொற்கள் சொற்பம்.

மணலில் எழுதுவிப்பதானால் பிஸ்கட் தகர மூடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் போதும். கடற்கரை மணலை நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசிக் காயவைத்து எடுங்கள். உப்பு இருந்தால் ஈரம் பிடித்துக் கட்டியாகும், விரலில் சிராய்ப்பு இருந்தால் எரியும். எழுதும்போது ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுதினால் அது வெறும் படம் கீறுவதுதான். கொப்பியில் பத்துத் தரம் எழுதுவதும் இதனால்தான் பயன் தருவதில்லை.

இன்னொன்று, நம் பேச்சு. புத்தகத்தில் ‘இருக்கிறது’ என்றிருக்க ‘இரிக்கி’ என்று வாசித்தால் அதைப் பிழையாகப் போடாதீர்கள். பொருளைப் பிடித்துவிட்டுத் தன் வாய்மொழியில் சொல்கிறார். வேறு அடையாளமிட்டு, “புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கு, பாருங்க” என்று ஒரு தரம் காட்டினால் போதும். ல, ள, ழ பிழைகளுக்கும் ‘காற்று’, ‘காட்டு’ குழப்பத்துக்கும் முதல் மூன்று மாதம் சிவப்புக் கோடு வேண்டாம்.

அக்கரைப்பற்று கணிதம்

வாசிப்பு பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். வாய்க்கணக்கு சரி என்பதால் கணக்கை அப்படியே விட்டுவிடாதீர்கள், எழுத்தில் இலக்கம் மாறுகிறதா என்றும் பாருங்கள். தமிழில் ‘தொண்ணூறு’ என்ற சொல்லுக்குள் நூறும், ‘தொள்ளாயிரம்’ என்ற சொல்லுக்குள் ஆயிரமும் ஒலிக்கின்றன. தொண்ணூற்று மூன்று என்றால் 103 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. பத்துப் பத்து ஈர்க்காக றப்பர் வளையம் போட்டு ஒன்பது கட்டும் தனி ஈர்க்கு மூன்றும் வைத்துக் காட்டினால் அந்தக் குழப்பம் போகும்.

பிற்பகலில் குர்ஆன் மத்ரஸாவோ வேறு வகுப்போ முடித்து வரும் பிள்ளைக்கு உடனே புதிய எழுத்து கொடுக்க வேண்டாம். முதலில் ஏதாவது சாப்பிடட்டும். தொலைக்காட்சி ஓடும் அறையில் வகுப்பு வைப்பதில் பயனில்லை.

ஆரையம்பதி ரீச்சர்

மிகவும் நன்றி. இரண்டு சந்தேகம். முன்னேறுகிறாரா என்று எப்படி அளப்பது? தாயிடம் ‘டிஸ்லெக்சியா’ (வாசிப்புக் குறைபாடு) என்று சொல்லலாமா?

கல்லடி விசேட கல்வி

அந்தச் சொல்லை நாம் சொல்லக் கூடாது, ரீச்சர். அது மருத்துவர் பரிசோதித்துச் சொல்ல வேண்டியது. தாயிடம் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: “கதை விளங்குகிறது, எழுத்தை ஒலியாக்கத்தான் நேரம் எடுக்கிறது, அதற்குத்தான் இப்போது வேலை செய்கிறோம்.” சோம்பல் என்று வீட்டில் ஏசுவதை நிறுத்தச் சொல்லுங்கள், அது முதல் கிழமையிலேயே நடக்க வேண்டும். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி எடுக்காவிட்டாலும் பிள்ளை தரம் 6க்குப் போவார் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். தாயின் பயத்தில் பாதி அதுதான்.

கண்ணும் காதும் முதலில் பார்த்திருக்க வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 4க்கும் உண்டு, அதில் கண் பார்த்தார்களா என்று பதிவைக் கேளுங்கள். அடிக்கடி காதில் சீழ் வடிந்த பிள்ளையென்றால் கேட்டல் பரிசோதனையும் தேவை. மருத்துவரிடம் போகும்போது திகதியிட்ட மூன்று எழுத்து மாதிரிகள் கொண்டுபோங்கள்: பார்த்தெழுதியது, சொல்வதெழுதல், தானாக எழுதியது. மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே மருத்துவருக்குப் பெரிய தகவல். அந்தக் கோப்பை எறிய வேண்டாம். சாதாரண தரப் பரீட்சைக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைக்கு அதிபர் மூலம் விண்ணப்பிக்கும்போது மருத்துவ அறிக்கையோடு பழைய பதிவுகளும் கைகொடுக்கும்.

அளவுக்கு: கிழமைக்கு ஒரு நாள், படித்த எழுத்துகளால் மட்டும் ஆன ஐம்பது சொல் பந்தி, ஒரு நிமிடம். சரியாக வாசித்த சொற்களை எண்ணிச் சதுரக்கோட்டுக் கொப்பியில் பிள்ளையே கட்டம் நிறம் தீட்டட்டும். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் பிழைத்தால் பந்தி கடினம், மாற்றுங்கள். மூன்று கிழமை கட்டம் ஏறாவிட்டால் கடைசியாகக் கொடுத்த நாலு எழுத்துகளை நிறுத்திவிட்டு அதற்கு முந்தியவற்றுக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் உகரத்தில்தான் நிற்கும்.