உதவி தேவை: பலகையில் படம் பிடிக்கவில்லை, தேய்த்தால் கரைகிறது (அவசரம்)

கொழுந்துக்கூடை:
வணக்கம் எல்லோருக்கும். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் கொலாஜ் ஒன்று செய்கிறேன். அடியில் அக்ரிலிக் வண்ணம், ஓரத்தில் ரப்பர் முத்திரை, நடுவில் தாத்தாவின் பழைய பாஸ்போட் பக்கமும் அம்மாயியின் படமும். காகிதம் போய்ப் படம் மட்டும் பலகையில் இறங்க வேண்டும் என்று, வீடியோவில் காட்டியபடியே பிரிண்டைக் கவிழ்த்து ஒட்டி, காயவிட்டு, தண்ணீர் தொட்டுக் காகிதத்தைத் தேய்த்தேன். படமும் காகிதத்தோடு கரைந்துவிட்டது. பலகையில் நீலமும் ஊதாவுமாகக் கறைதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. என்ன பிழை என்று யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.

மூடுபனி:
எதைப் பூசி ஒட்டினீர்கள்? எந்தப் பிரிண்டர்? எவ்வளவு நேரம் காயவிட்டீர்கள்? இந்த மூன்றையும் சொல்லாமல் என்ன சொல்வது?

பெயின்ட்வாளி:
எந்த ஊர்? மலைப்பக்கம் என்றால் குளிர்தான் காரணம், வேறு ஒன்றும் தேடத் தேவையில்லை. அக்ரிலிக் காய்வதென்றால் தண்ணீர் வற்றினால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாக வேண்டும். ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே போனால் அது சரியாகச் சேராது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி இரவில் புல்லிலே உறைபனி கூட விழும். அங்கே பூசிவிட்டுப் படுத்தால் காலையில் தொட்டதும் வழுக்கும். பலகையை அடுப்படிப் பக்கம் வைத்துப் பாருங்கள், முடிந்தால் ஹேர் ட்ரையர்.

தச்சன்பட்டறை:
பெட்டிப் பலகையின் எந்தப் பக்கம்? பழைய தேயிலைப் பெட்டிக்கு உட்பக்கம் ஈயத்தாள் மாதிரி ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். அதை உரித்தாலும் பழைய பசை பலகையில் நிற்கும், அதன் மேல் எந்த வண்ணமும் பிடிக்காது. மணல் தாளால் நன்றாகத் தேய்த்து, வெள்ளை அடிப்பூச்சு ஒன்று கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். நான் பெட்டிப் பலகையில் ஸ்டூல் செய்தபோது பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அச்சுக்கூடம்:
இந்தக் கேள்வி இங்கே வந்துகொண்டேதான் இருக்கிறது. தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. குளிராம், ஈயத்தாளாம். பலகையில் நீலமும் ஊதாவும் நின்றது என்று அந்தப் பிள்ளையே எழுதியிருக்கிறது, அதை ஒருவராவது வாசித்தீர்களா?

லேசர் பிரிண்டும் கடைப் போட்டோ கொப்பியும் டோனர். அது பிளாஸ்டிக் தூள், சூட்டில் காகிதத்தின் மேல் உருகி ஒட்டுவது. தண்ணீருக்கு அசையாது. அதனால்தான் காகிதத்தைத் தேய்த்து எடுத்த பிறகும் படம் பசைப் படலத்தில் நிற்கிறது. வீட்டில் மை ஊற்றும் இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாயம். அதைக் கவிழ்த்து ஒட்டி நனைத்தால் கறைதான் வரும். ஈர விரலால் பிரிண்டின் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்டூடியோவில் கழுவிய படத்தை நேரே ஒட்டினாலும் இறங்காது, அதைக் கொப்பி எடுத்துத்தான் செய்ய வேண்டும். இவ்வளவு அடிப்படை தெரியாமல் தாத்தாவின் பாஸ்போட்டில் கை வைத்தால் எப்படி?

கொழுந்துக்கூடை:
ஹட்டன் பக்கம். ஒட்டியது தச்சுவேலை வெள்ளை கம். பிரிண்ட் தங்கச்சி வீட்டில் எடுத்தது, கலர் பிரிண்டர். பாஸ்போட்டை வெட்டவில்லை ஐயா, ஸ்கேன் செய்ததுதான்.

மூடுபனி:
வெள்ளை கம்மும் ஒரு சிக்கல்தான். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும், நீங்கள் தேய்க்கும்போது படலமே மேலெழும்பி வந்துவிடும். கண்டியிலோ கொழும்பிலோ ஓவியக் கடையில் அக்ரிலிக் ஜெல் மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பசை) கேளுங்கள். ஞாயிறுக்குள் கிடைக்காவிட்டால் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷ் பெயின்ட் கடையிலேயே இருக்கும், அதிலும் நடக்கும்.

பலகையிலும் படத்தின் முகத்திலும் மெல்லியதாகப் பூசிக் கவிழ்த்து ஒட்டுங்கள். பழைய போன் கார்டு ஒன்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். இரவு முழுக்க விடுங்கள். பிறகு ஸ்பொஞ்சால் நனைத்து, விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டமாக உருட்ட வேண்டும். காகிதம் அழுக்குத் திரள்வது போல உருண்டு உருண்டு வரும். நகம் படக்கூடாது. முழுக்க எடுத்துவிட்டோம் என்று நினைப்பீர்கள், காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அது மிச்சக் காகித நார். திரும்ப நனைத்து உருட்டுங்கள், பொறுமை வேண்டும்.

இன்னொன்று, படம் இடவலம் மாறி விழும். பாஸ்போட்டில் எழுத்து இருக்கிறதே, போனிலேயே திருப்பிப் போட்டுத்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும்.

எழுத்தாணி:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? கொப்பியைக் கவிழ்த்து வைத்துப் பின்பக்கம் தின்னர் தடவி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் டோனர் இறங்கிவிடும்.

மூடுபனி:
இறங்கும். ஆனால் லயத்து அறையில் (தோட்டத்து வரிசை வீட்டில்), அதுவும் அடுப்படிப் பக்கத்தில் தின்னர் வேண்டாம். பெயின்ட்வாளி வேறு பலகையை அடுப்படியில் வைக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துச் செய்தால் கண்காட்சி வீட்டிலேயே முடிந்துவிடும்.

தேயிலைத்தூள்:
டெக்னிக் இருக்கட்டும். முத்திரை என்ன முத்திரை? கூடையோடு கொழுந்து பறிக்கும் பெண்ணா? அதுதான் என்றால் தயவுசெய்து வேண்டாம். தேயிலைப் பக்கட், பிஸ்கட் டப்பா, ஹோட்டல் சுவர் எங்கும் அந்தச் சிரிக்கும் பெண்தான். பாஸ்போட் பக்கத்தில் அதையும் குத்தினால் எல்லாம் சுற்றுலா அட்டையாகிவிடும்.

எழுத்தாணி:
என் அம்மா கூடை சுமந்தவர், சிரித்தும் இருக்கிறார். டப்பாக்காரன் வரைந்தான் என்பதற்காக நாங்கள் வரையக் கூடாதா?

தேயிலைத்தூள்:
வரையக் கூடாது என்று எங்கே சொன்னேன்? கடையில் வாங்கிய முத்திரையைக் குத்தாமல் அழிரப்பரில் தானே வெட்டிக்கொள்ளலாமே. அட்டைப்பூச்சி கடித்த காலையும் சேர்த்து வெட்டட்டும்.

பழையதபால்:
பாஸ்போட் எந்த வருடத்தது? 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எடுத்த இந்தியப் பாஸ்போட்டாக இருந்தால், அது வெறும் அலங்காரத்துக்கு ஒட்டும் காகிதம் இல்லை. அந்த ஒப்பந்தத்தில் குடியுரிமை இல்லாதிருந்த நம் மலையக மக்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு நாடும் பங்கு பிரித்தன. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். பாஸ்போட் கையில் இருந்தும் போகாமல் இங்கேயே நின்றவர்கள் நிறைய. 1984இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. அவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. தாத்தா அப்படி நின்றவர் என்றால் முத்திரையைப் பற்றிச் சண்டை பிடிப்பதை விட அந்தப் பக்கத்தைப் பெரிதாகக் காட்டுங்கள்.

அச்சுக்கூடம்:
எல்லாம் சரி. இலக்கத்தை மட்டும் மறைக்கச் சொல்லுங்கள். ஊரார் போனில் படம் எடுத்துப் போடுவார்கள்.

எழுத்தாணி:
இலக்கத்தை மறைத்தால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது? அந்த இலக்கம்தானே அவர்களை இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் வைத்தது.

அச்சுக்கூடம்:
கவிதை எழுத வேறு இழை இருக்கிறது.

பெயின்ட்வாளி:
தங்கச்சி, குளிரைப் பற்றி யாரும் பேசவில்லை. இங்க்ஜெட்டாகவே இருக்கட்டும், ஹட்டனில் மழை நாளில் இரவு முழுக்க விட்டாலும் உள்ளே ஈரம் நிற்கும். இரண்டு இரவு விடுங்கள்.

கொழுந்துக்கூடை:
டவுனில் கொமினிகேஷன் கடையில் கறுப்பு வெள்ளைக் கொப்பி போட்டேன், பெயின்ட் கடை வார்னிஷில் ஒட்டினேன். பாஸ்போட் பக்கம் அப்படியே இறங்கியிருக்கிறது, எழுத்தும் நேராக. இலக்கத்தை விட்டிருக்கிறேன். அம்மாயி கொஞ்சம் மங்கல், பரவாயில்லை. முத்திரை கூடைக்காரி இல்லை, கொழுந்து நிறுக்கும் தராசு, நானே வெட்டியது. இப்போது அதன் மேல் வார்னிஷ் பூசினால் ஊதா மை ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி.

மூடுபனி:
ஆபீஸ் முத்திரைப் பேடா? அந்த மை பெரும்பாலும் தண்ணீரில் கரைவதுதான், ஈரத் தூரிகை பட்டால் ஓடத்தான் செய்யும். ஓடியதை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அக்ரிலிக் வண்ணத்தையே ஸ்பொஞ்சால் முத்திரையில் மெல்லியதாகத் தட்டிக் குத்துங்கள். குத்திய கையோடு முத்திரையைக் கழுவிவிடுங்கள், காய்ந்தால் தராசின் தட்டெல்லாம் அடைத்துக்கொள்ளும். பேட் என்ன பேட் என்று மட்டும் சொல்லுங்கள்.