விசுவாசத்துக்கு வந்த முதல் வருடம்: மலேசியா, சுங்கை சிப்புட் வட்டார அனுபவப் பகிர்வு

ஞாயிறு பள்ளி ஆசிரியை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தோட்டத்திலிருந்து புதிதாக வருகிறவர்கள் ஞானஸ்நானம் எடுத்து மூன்று நான்கு மாதத்தில் சோர்ந்துபோவதை நம் பக்கத்துச் சபைகள் எல்லாமே பார்த்திருக்கும். "ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான்" என்ற 2 கொரிந்தியர் 5:17 எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) திரும்பினால் அதே கடன், அதே கோபம், அதே மாமியார். அப்படியானால் புதிதானது எது? புதியவர்களோடு உட்காருகிறவர்கள் தாங்கள் கண்டதை எழுதுங்கள். சொந்தச் சாட்சி வேண்டாம், அதற்கு வேறு நேரம் உண்டு. எதை முதலில் கற்றுக்கொடுப்பது, எங்கே சறுக்குகிறது, ஏன் என்பதைச் சொன்னால் போதும்.

சபை மூப்பர்

சறுக்குவது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. கயிற்றை அறு, தாயத்தைக் கழற்று, பொட்டை அழி, படத்தை எடு என்று நீக்கவேண்டியவற்றின் பட்டியலைத்தான் முதலில் கையில் கொடுக்கிறோம். வந்தவர் அந்தப் பட்டியல்தான் தன் புது அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறார். அதில் ஒன்றில் தவறும் நாளில் தான் தேவனுடைய பிள்ளை என்பதே போய்விட்டதாக நினைக்கிறார்.

வரிசையை எபேசியர் நிருபத்திடமிருந்து கற்றுக்கொள்ளலாம். முதல் மூன்று அதிகாரங்களும் "நீங்கள் யார்" என்று சொல்கின்றன. அவற்றில் கட்டளை என்று இருப்பது ஒன்றே ஒன்று, 2:11-12-இல் வரும் "நினைத்துக்கொள்ளுங்கள்". பொய் சொல்லாதே, திருடாதே, கோபத்தை அடக்கு என்பதெல்லாம் நாலாம் அதிகாரத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே முதல் நான்கு வாரம் எபேசியர் 1 முதல் 3 வரை மட்டும் எடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் போதும். ரப்பர் பால் வெட்டுக்கும் பெரட்டுக்கும் (காலை ஆள் கணக்கெடுப்புக்கும்) விடியும் முன்னே எழுகிறவர்களை இரவு பத்து மணி வரை உட்காரவைத்தால் ஒன்றும் ஏறாது, மாலை ஐந்து மணி நல்ல நேரம்.

1:3-14-ஐ அவரே சத்தமாக வாசிக்கட்டும். "கிறிஸ்துவுக்குள்", "அவருக்குள்" என்று வரும் இடங்களில் பென்சிலால் கோடு போடட்டும். பிறகு என்ன கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அவர் வாயாலேயே வரவேண்டும்: தெரிந்துகொள்ளப்பட்டது, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டது (1:4), புத்திரசுவிகாரம் (1:5), பாவமன்னிப்பு (1:7), ஆவியின் முத்திரை (1:13). தத்தெடுத்த பிள்ளை முதல் நாளே அந்த வீட்டுப் பிள்ளைதான், வீட்டுப் பழக்கம் வர வருடங்கள் ஆகும். இதைச் சொன்னால் பலருக்கு முகம் தெளிகிறது.

அடுத்த நான்கு வாரம் ரோமர் 6 முதல் 8. அதற்குப் பிறகுதான் கொலோசெயர் 3, எபேசியர் 4. ஆசிரியை கேட்டதற்கு நேர் பதில்: புதிதானது தேவனுக்கு முன்பாக நிற்கும் நிலை (ரோமர் 5:1), பிதா என்று கூப்பிடும் உறவு (8:15), உள்ளே தங்கும் ஆவியானவர். பழையபடியே இருப்பவை உடம்பு, ஞாபகங்கள், கடன், முப்பது வருடப் பழக்கம். இந்த இரண்டையும் முதலிலேயே பிரித்துச் சொல்லிவிட்டால், மூன்றாம் மாதத்தில் பழைய கோபம் தலைதூக்கும்போது அவர் இரட்சிப்பையே சந்தேகிக்கமாட்டார்.

கொரிந்து சபையில் வழக்கு, பிரிவினை, ஒழுக்கக்கேடு எல்லாம் இருந்தன. பவுல் அவர்களைப் "பரிசுத்தவான்கள்" என்று அழைத்துவிட்டுத்தான் கண்டிக்கத் தொடங்குகிறார். நாமோ கண்டித்து முடித்தபிறகு அழைக்கலாம் என்று காத்திருக்கிறோம்.

பெண்கள் ஐக்கியத் தலைவி

மூப்பர் ஐயா சொன்ன வரிசை சரி. ஆனால் வீட்டுக்குள் நடப்பது வாரக்கணக்குக்குக் காத்திருக்காது ஐயா. மருமகள் மட்டும் விசுவாசத்துக்கு வந்த வீட்டில், அடுத்த வெள்ளிக்கிழமையே விளக்கேற்றுவது யார் என்ற கேள்வி வந்துவிடும்.

இதில் கண்டவரை உதவுவது இதுதான். அவளே மாமியாரிடம் நேரில் சொல்லவேண்டும். பாஸ்டர் வந்து சொல்வதும், பக்கத்து வீட்டார் சொல்லித் தெரியவருவதும் வீட்டை உடைத்துவிடும். சொல்லும்போது எதைச் செய்யமாட்டேன் என்பதோடு எதைத் தொடர்ந்து செய்வேன் என்பதையும் சொல்லவேண்டும்: "அத்தை, விளக்கு நான் ஏத்தமாட்டேன். சாமி மேடையைச் சுத்தி வீட்டைக் கூட்டித் துடைக்கிறது எப்பவும்போல நான்தான்." மாமியாருக்குப் பயம் சாமியைப் பற்றி மட்டுமல்ல. மருமகள் பிரிந்துபோவாளோ, பேரப்பிள்ளை கைவிட்டுப்போகுமோ என்பதே பெரிய பயம். 1 கொரிந்தியர் 7:13 அவிசுவாசியான கணவனைத் தள்ளிவிடக் கூடாது என்கிறது. அந்த வசனத்தை மாமியாருக்குக் காட்டினாலே பாதிப் பயம் இறங்கும்.

படங்கள் விஷயம்: தன் கைக்காசில் வாங்கித் தன் அறையில் வைத்தது மட்டுமே அவளுடையது. குடும்பத்துப் படத்தை எடுக்க அவளுக்கு உரிமை இல்லை, நமக்குச் சுத்தமாக இல்லை. தன்னுடையதையும் துணியில் சுற்றி வீட்டுப் பெரியவர் கையில் கொடுப்பதே முறை. கால்வாயில் எறிவது, எரிப்பது, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவது எல்லாம் மற்றவர் மனத்தைப் புண்படுத்தும் பாவம். குற்றவியல் சட்டம் 295-ஆம் பிரிவும் ஒருவர் புனிதமாக நினைக்கும் பொருளை அவமதிக்கும் நோக்கோடு சேதப்படுத்துவதைக் குற்றம் என்கிறது.

பிரசாதம் பற்றி 1 கொரிந்தியர் 8, 10 இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள். சபைக்குச் சபை தீர்ப்பு மாறுகிறது. ஆனால் மறுப்பதாக இருந்தால் கையைத் தட்டிவிடாமல், இரண்டு கையையும் கூப்பி "வேண்டாம் அத்தை" என்று சொல்ல ஒரு புதியவளுக்குக் கற்றுக்கொடுப்பதும் சீஷத்துவம்தான்.

தண்ணீர் ஏற்பாடு பார்க்கும் உதவிக்காரர்

ஞானஸ்நானம் பற்றி யாரும் எழுதவில்லை. ரோமர் 6:4 சொல்லும் அடக்கமும் எழுப்புதலும் அவர் மனத்தில் நிற்கவேண்டுமானால் அந்த ஒரு நிமிடம் பயமில்லாமல் நடக்கவேண்டும்.

பிளஸ் ஆற்றில் இறங்குகிறவர்கள் காலையிலேயே முடித்துவிடுங்கள். பிற்பகலில் மலைப்பக்கம் மழை பிடித்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயர், அதாவது மேலிருந்து திடீரென்று பாயும் வெள்ளம், வந்துவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு உடனே எல்லோரும் கரையேறவேண்டும். மேல்பக்கம் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். இடுப்பளவு ஆழம் போதும். ஞானஸ்நானம் எடுப்பவரின் முகம் நீரோட்டம் போகும் திசையைப் பார்க்கட்டும், தலை மேல்பக்கம் சாயட்டும். மாற்றி நின்றால் ஓடுகிற தண்ணீர் நேராக மூக்கில் ஏறும், மூச்சுத் திணறி ஆள் உதறுவார். இரண்டு பேர் பிடிக்கவேண்டும்: ஒருவர் கை பிடரியில், மற்றவர் கை முதுகின் நடுவில். முழங்காலை மடக்கச் சொன்னால் கனமான ஆளும் சுலபமாகச் சாய்வார்.

மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் உடம்பில் ஒட்டும். பெண்களுக்கு அடர்நிறச் சுடிதார், உள்ளே ஒரு டீ-சட்டை, கரையில் பெரிய துண்டோடு ஒரு அக்கா. காலில் ஆறாத புண் இருந்தால் ஆறு வேண்டாம், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

கடைவீட்டு மாடியில் கூடும் சபைகளுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 1,800 லிட்டர், அதாவது 1.8 டன். பழைய பலகைத் தளம் அதைத் தாங்காது. தொட்டியைக் கீழே வையுங்கள். நிமிடத்துக்கு 12 லிட்டர் வரும் குழாயில் நிரம்ப இரண்டரை மணி நேரம் பிடிக்கும், முதல் நாள் இரவே திறந்துவிடுங்கள். வயர் உள்ள மைக்கைத் தொட்டியில் நிற்கும் ஒருவர் கையிலும் கொடுக்காதீர்கள்.

கத்தோலிக்க மறைக்கல்வி ஆசிரியர்

எங்கள் பக்கம் ஆயத்தம் நீளம். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று பெயர் பதிவு, பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின) இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாக. பாஸ்கா மெழுகுதிரியிலிருந்து ஏற்றிய ஒரு திரியையும் வெண்ணாடையையும் கையில் கொடுத்து அனுப்புகிறோம். அதற்குப் பிறகு பெந்தகோஸ்து வரை உள்ள 50 நாள் இருக்கிறதே, அங்கேதான் பல பங்குகளில் கவனம் விட்டுப்போகிறது. பெற்றுக்கொண்டது என்ன என்று விளக்கும் காலம் அது. பெரிய விழா முடிந்த களைப்பில் வகுப்பை நிறுத்திவிட்டால் வந்தவர் தனியாக நிற்பார். ஞானத்தாய், ஞானத்தந்தையாகப் பெரிய மனிதரைத் தேடாமல், அதே தாமானில் (குடியிருப்பில்) இருந்து வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போகக்கூடியவரைப் பாருங்கள்.

டிரசர் (தோட்ட மருந்தக உதவியாளர்)

மூப்பர் சொன்ன "பழைய பழக்கம்" என்பதில் குடி தனி. பல வருடம் தினமும் சம்சு (மலிவுச் சாராயம்) குடித்தவர் ஜெபித்த அன்றே சட்டென்று நிறுத்துவது கேட்க நன்றாக இருக்கும், உடம்புக்கு அது ஆபத்து. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 24 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் குழப்பம், இல்லாத பூச்சியையும் ஆளையும் பார்ப்பது, கத்துவது. இதைப் பிசாசு பிடித்ததாக எடுத்துக்கொண்டு இரவெல்லாம் அறையில் வைத்து ஜெபிக்கிறார்கள். அந்த நிலையில் உயிர் போகும். ஜெபம் ஆஸ்பத்திரிக்குப் போகும் காரிலும் நடக்கட்டும். நிறுத்த முடிவெடுத்த அன்றே கிளினிக்கில் சொன்னால் நடுக்கத்துக்கு மருந்தும் வைட்டமின் பி1-ம் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வழி உண்டு.

இனிப்புநீர் (நீரிழிவு), ரத்த அழுத்தம், மனநல மாத்திரைகளும் அப்படியே. "புதுச்சிருஷ்டிக்கு மாத்திரை எதற்கு" என்று யாராவது சொன்னால் உடனே அவரைத் தடுங்கள்.

ஆபீஸ் கிராணி (எழுத்தர்)

தாள்கள் பற்றிக் கொஞ்சம். மைகார்டின் (அடையாள அட்டையின்) முகப்பில் மதம் அச்சிடப்படுவது இஸ்லாமியருக்கு மட்டும்தான். ஆகவே இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவர் கார்டை மாற்ற ஓடவேண்டியதில்லை. ஞானஸ்நானப் பெயர் சபைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும், ஈ.பி.எஃப். (சேமநிதி), வங்கி, பள்ளி எல்லாவற்றிலும் பழைய பெயர்தான். சான்றிதழில் மைகார்டில் உள்ளபடி முழுப்பெயரையும் எண்ணையும் முதலில் எழுதி, புதுப்பெயரைப் பிறகு எழுதுங்கள். வெறும் புதுப்பெயர் போட்ட சான்றிதழ், பத்து வருடம் கழித்துக் கல்யாணத்துக்குக் கேட்கும்போது யாருடையது என்று காட்ட முடியாமல் போகிறது.

பெயரை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. அப்பொல்லோ, எர்மே, எப்பாப்பிரோதீத்து என்ற பெயர்கள் கிரேக்கத் தெய்வங்களின் பெயரை ஒட்டியவை. பவுல் அவர்களை அப்படியே எழுதுகிறார். முருகனும் மாரியாயியும் அதே பெயரோடு கர்த்தருடைய பந்தியில் உட்காரலாம்.

18 வயதுக்குக் கீழ் என்றால் அரசியலமைப்பின் 12(4) விதிப்படி மதத்தைத் தீர்மானிப்பது பெற்றோர் அல்லது பாதுகாவலர். பிள்ளை எவ்வளவு ஆர்வமாக இருந்தாலும் தாய் தகப்பன் இருவர் கையெழுத்தும் இல்லாமல் தண்ணீரில் இறக்காதீர்கள்.

வாலிபர் கூட்டப் பொறுப்பாளர்

எல்லோரும் கோயில், படம், பெயர் என்று எழுதிவிட்டீர்கள். சாதியை ஒருவரும் தொடவில்லை. கலாத்தியர் 3:28-ஐ மேடையில் வாசித்துவிட்டுப் பெண் பார்க்கும்போது "அவங்க எந்த ஆளுங்க" என்று விசாரிக்கும் வீடுகள் நம் சபைகளிலேயே இருக்கின்றன. கயிறு கட்டிக்கொண்டு வந்த புதியவரை அறுக்கச் சொல்கிற நாம், இதை இருபது வருட விசுவாசியிடம் கேட்பதில்லை. புதியவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்கிறார்கள். ஞானஸ்நான வகுப்பிலேயே இதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள், பழையவர்களையும் உட்காரவையுங்கள்.

சபை மூப்பர்

தம்பி சொன்னது சரி, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். விட்டுப்போன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்: சாவு வீடு.

மூத்த மகன் விசுவாசி என்றால் கொள்ளி வைப்பது யார் என்ற பேச்சு, பிரேதம் நடுவீட்டில் கிடக்கும்போது எழக்கூடாது. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே தம்பிகளிடமும் சித்தப்பாவிடமும் பேசிவைக்கவேண்டும். கொள்ளியைத் தம்பியோ பங்காளியோ ஏற்கலாம். ஆனால் ஆஸ்பத்திரித் தாள், வண்டி, பெட்டி, சாப்பாடு, செலவில் பெரும்பங்கு, தூக்குவதில் முதல் தோள் மூத்தவருடையதாக இருக்கவேண்டும். பதினாறாம் நாள் படையலில் நிற்கமுடியாவிட்டால் வந்தவர்களுக்குப் பந்தி பரிமாறலாம். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு" என்பதை ஊர் பார்க்கும் நாள் அது.

விசுவாசி தானே இறந்தால் சிக்கல் மறுபக்கமாக வரும். சபையில் இல்லாத அண்ணன் தம்பிகள் தங்கள் முறைப்படி செய்யக் கேட்பார்கள். மைகார்டைப் பார்த்து முடிவு செய்யவும் வழியில்லை. ஆகவே ஒரு தாளில், மைகார்டில் உள்ள பெயர், எண், எந்தச் சபை, அடக்கமா தகனமா, ஆராதனையை யார் நடத்துவது, உறவினர் வந்து மரியாதை செய்ய எந்த நேரம் ஒதுக்குவது என்று எழுதி, இரண்டு சாட்சி முன் கையெழுத்துப் போட்டுவையுங்கள். இது உயில் ஆகாது, ஆனால் வாசலில் சண்டையை நிறுத்தும். ஒரு பிரதி மனைவியிடம் அல்லது கணவரிடம், ஒன்று சபையில், ஒன்று கட்டாயமாகச் சபைக்கு வராத மூத்த உறவினர் கையில். அவரிடம் கொடுக்கும்போது அந்த விசுவாசி கூடவே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி, அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வரவேண்டும்.